அக்கி: அச்சமும் அறிவும்

சென்ற குளிர்காலத்தில், தேர்வுக்குப் பதினைந்து நாட்கள் இருக்கும்போது, என் அறையில் தங்கியுள்ள தம்பி இடப்பக்கத்து விலாவில் வலி என்றான். பந்து விளையாடியதில் சதை பிடித்துக்கொண்டது என்று எண்ணித் தைலம் தேய்த்தோம். மறுநாள் அவ்விடம் சிவந்து, கொத்துக் கொத்தாகச் சிறு கொப்புளங்கள் எழுந்தன. "அண்ணா, நெருப்பை வைத்ததுபோல் எரிகிறது" என்று இரவெல்லாம் உறங்காமல் கிடந்தான்.

செய்தி விடுதியில் பரவியது. அம்மை என்று அஞ்சிச் சிலர் அவன் உண்ட தட்டைக்கூட ஒதுக்கி வைத்தனர். ஊரிலிருந்து அவன் தாயார் தொலைபேசியில், "அது அக்கிடா கண்ணா! குயவரிடம் போய் எழுதிக்கொள்" என்றார். வடநாட்டு நகரில் அக்கி எழுதும் குயவரை எங்கே தேடுவது? தேடியதிலேயே ஒரு நாள் போயிற்று. நுண்ணுயிரியல் பயிலும் நானும் உடன் சேர்ந்து தேடினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதச் செய்தது.

அக்கி என்பது யாது? சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரசுதான் இதற்கும் காரணம். சின்னம்மை குணமான பின்னும் அவ்வைரசு உடலை விட்டு நீங்குவதில்லை. முதுகுத்தண்டை அடுத்த நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கிறது. முதுமையாலோ வேறு நோயாலோ எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. ஆகவேதான் வலி முன்னும் கொப்புளம் பின்னுமாக, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோல் காண்கிறது. முதியோர்க்கே மிகுதி எனினும் இளைஞர்க்கும் வருவதுண்டு. இரு நோய்க்கும் வைரசு ஒன்றே என்பதை 1950-களில் அமெரிக்க அறிஞர் தாமஸ் வெல்லர் ஆய்வுக்கூடத்தில் நிறுவினார்.

இது தொற்றுமா? ஒருவருடைய அக்கி பிறருக்கு அக்கியாகத் தொற்றுவதில்லை. ஆனால், சின்னம்மை காணாதவரும் அதற்குத் தடுப்பூசி போடாதவரும் கொப்புள நீரைத் தொட நேர்ந்தால், அவர்களுக்குச் சின்னம்மை வரலாம். ஆதலால் புண்ணைத் துணியால் மூடவேண்டும். துண்டைத் தனியே வைக்கவேண்டும். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை, பெரும்பாலும் 7 முதல் 10 நாட்கள், கருவுற்ற பெண்களையும் கைக்குழந்தைகளையும் நோயால் மெலிந்தோரையும் நெருங்கலாகாது. மற்றபடி, முன்பே சின்னம்மை கண்டவர்கள் உடன் அமர்ந்து உண்ண அஞ்சவேண்டியதில்லை. தட்டை ஒதுக்கியது அறியாமையே!

இனி மருத்துவம். அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் வைரசு பெருகுவதைத் தடுக்கும். அசைக்ளோவிர் உருவாகக் காரணமான கெர்ட்ரூட் எலியன் அம்மையார் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் இம்மருந்தின் பயன் மிகுதி. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. கண் பார்வைக்கே கேடு நேரலாம். சிலருக்குப் புண் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நரம்பு வலி நீடிக்கும். 50 வயது கடந்தோர்க்கு அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. வீட்டுப் பெரியோர்க்கு இதைச் சொல்லுங்கள்.

காவி எழுதுவதை நான் இகழவில்லை. நம் குயவர்கள் இந்நோயை அம்மையிலிருந்து வேறாக அடையாளம் கண்டிருந்தனர். குளிர்ந்த காவிக் குழம்பு எரிச்சலைச் சற்றுத் தணித்திருக்கும். ஆயினும் அது வைரசைத் தடுக்காது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கவும் கூடும். குளிர்ச்சி வேண்டுமெனில் தூய நீரில் நனைத்த துணி போதும்.

மூன்றாம் நாள்தான் தம்பியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். 72 மணி நேரம் முடியச் சில மணிகளே எஞ்சியிருந்தன. ஏழு நாட்கள் மருந்து உண்டான், தேர்வும் எழுதினான். நண்பர்களே, ஒரு பக்கத்தில் எரிச்சலும் கொப்புளமும் கண்டால் குயவரையும் தேடவேண்டாம், நண்பனையும் ஒதுக்கவேண்டாம். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தாய் அருகில்லாத ஊரில் நாமே ஒருவருக்கொருவர் உறவு.