நிழலால் அளந்த உலகம்

இணைகோடுகள் இரண்டனை மற்றொரு கோடு குறுக்கே வெட்டுமாயின், ஒன்றுவிட்ட கோணங்கள் தம்முள் சமமாகும். இவ்வுண்மை மாணவர் யாவரும் அறிந்ததே. மனப்பாடம் செய்து மறந்துவிடுதற்குரிய தேற்றம் இஃது என்று எண்ணுவாரும் உளர். ஆயினும், இதனையே துணையாகக் கொண்டு உலகின் சுற்றளவைக் கணித்தார் ஒரு பேரறிஞர்.

அவர் பெயர் எரடோஸ்தெனிஸ். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரப் பெருநூலகத்தின் தலைவராக விளங்கியவர். வடிவகணிதத்தை முறைப்படுத்திய யூக்ளிட் வாழ்ந்ததும் அந்நகரிலேயாம். மேற்கூறிய தேற்றம் அவருடைய நூலின் முதற் பகுதியில் 29ஆவதாக உள்ளது.

அலெக்சாந்திரியாவுக்குத் தெற்கே நெடுந்தொலைவில் இருந்தது சையீன் என்னும் ஊர். இன்று அஸ்வான் எனப்படுவது. ஆண்டின் நெடும்பகல் நாளன்று, நண்பகலில், கதிரவன் அங்கே நேர் உச்சியில் நிற்பான். நட்ட கோலுக்கு நிழல் இராது. ஆழ்கிணற்றின் அடியிலும் வெயில் படும் என்பர். அதே வேளையில் அலெக்சாந்திரியாவிலோ கோலுக்கு நிழல் விழுந்தது. அரைக்கோள வடிவினதாகிய ஒரு கிண்ணத்தின் நடுவில் முள் நிறுத்தி அந்நிழலை அளந்தனர். நிழலுக்குரிய கோணம் முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை என்று தெரிந்தது.

இனி, இரண்டு ஊர்களிலும் நட்ட கோல்களை மண்ணுக்குள் நீட்டுவதாகக் கொள்வோம். இரண்டும் உலகின் மையத்தில் கூடும். சையீனில் விழும் கதிரும் அக்கோலின் வழியே மையத்தை நோக்கியே செல்லும். அலெக்சாந்திரியாவில் விழும் கதிர் இதற்கு இணையானது. ஆகவே, அலெக்சாந்திரியாக் கோலின் நீட்சி இவ்விரு இணைகோடுகளையும் வெட்டும் குறுக்குவெட்டியாகிறது. கோலின் நுனியில் கதிரோடு உண்டாகும் கோணமும், மையத்தில் உண்டாகும் கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள்! எவரும் சென்று காணவியலாத மையத்தின் கோணம், கிண்ணத்திற்குள்ளேயே அகப்பட்டுவிட்டது.

இரு நகரங்களுக்கும் இடைத்தொலைவு 5,000 ஸ்டேடியா என்று கொண்டார். அதனை ஐம்பதால் பெருக்க, 2,50,000 ஸ்டேடியா வந்தது. ஒரு ஸ்டேடியத்தின் நீளம் பற்றி அறிஞர் வேறுபடுவர். எனினும், துருவங்களின் வழியாக இன்று அளந்த சுற்றளவாகிய சுமார் 40,000 கிலோமீட்டரினின்று அவர் விடை மிகவும் விலகியதன்று. குறைகளும் இல்லாமல் இல்லை. சையீன் கடகரேகைக்குச் சற்று வடக்கே உள்ளது. அலெக்சாந்திரியாவுக்கு நேர் தெற்கே இல்லாமல் ஏறத்தாழ 3 பாகை கிழக்கே ஒதுங்கியும் உள்ளது.

நிழலைக் கண்டவர் அவர் ஒருவரே அல்லர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த ஹுவாய்நான்சி என்னும் சீன நூலும் இடத்துக்கு இடம் நிழல் வேறுபடுதலைக் கொண்டு கணக்கிடுகிறது. ஆனால், நிலம் தட்டையானது, கதிரவன் அருகில் உள்ளான் என்று கொண்டமையால், அக்கணக்குக் கதிரவனின் உயரமாக முடிந்தது. கதிரவனோ சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளான். அத்துணைத் தொலைவினின்று வருவதனாலன்றோ, இரு நகரங்களில் விழும் கதிர்களை இணையெனக் கொள்ள முடிகிறது!