இழுவண்டிக்கு மின்சாரம்

விளக்கு எரிந்தால் மின்சாரம் போதிய அளவு இருக்கிறது என்று நம்புகிறவர் நம்மில் பலர். நானும் அப்படி நம்பியவன்தான். அந்த நம்பிக்கை பொய்த்த கதையையும், அதனால் நான் கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில், பெங்களூருவிலுள்ள நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு ஒகேனக்கல் சென்றேன். ஜீப்பின் பின்னே கட்டி இழுத்துச் செல்லும் சிறிய வீட்டு வண்டி ஒன்று அவர்களிடம் உண்டு. டிரெய்லர் என்கிறோமே, அதுதான், இழுவண்டி எனலாம். அதனுள் விளக்கு, விசிறி, சிறு குளிர்ப்பெட்டி. இவற்றுக்கெல்லாம் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று. குளிர்ப்பெட்டியில் நண்பருடைய தாயாரின் இன்சுலின் இருந்தது.

முந்திய நாள் சோதனையிலேயே பாட்டரி பெரிதும் செலவாகிவிட்டது. ஏறத்தாழ 20 ஆம்பியர்-மணிதான் மிச்சம். “ஜீப் ஓடும்போது நிரம்பிவிடும்” என்று சொல்லி, ஜீப்பின் பாட்டரியிலிருந்து பின்வண்டிப் பாட்டரிக்குக் கம்பி இழுத்தவன் நான். பொறியியல் மாணவன் என்ற துணிச்சல்! வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி அது. ஐந்து மணி நேரம் ஓடினோம். விளக்கு நன்றாகவே எரிந்தது. இரவு இரண்டு மணிக்குக் குளிர்ப்பெட்டி நின்றுவிட்டது.

அம்மா எழுந்தார். புட்டியைக் கிண்ணத்திலிட்டு, நீரூற்றிய மண்பானைக்குள் மிதக்க வைத்தார். “லைட்டு எரியுதேன்னு நம்பிட்டோமே, தம்பி” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் பென்னாகரத்தில் மருந்துக் கடைக்காரர் ஒருவர் தம் குளிர்ப்பெட்டியில் இடம் தந்தார். ஊர் திரும்பிய அன்றே காகிதமும் பென்சிலும் எடுத்தேன்.

கம்பி போக 10 மீட்டர், வர 10 மீட்டர். ஆக 20 மீட்டர். அதன் தடை ஏறத்தாழ 0.14 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 1.4 வோல்ட் வழியிலேயே கழிகிறது. ஜீப்பின் மின்னாக்கி தந்தது 14.2; போய்ச் சேர்ந்தது 12.8. விளக்குக்கு இது போதும். ஆனால் காரீய-அமிலப் பாட்டரி முறையாக நிரம்ப 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். வந்த 10 ஆம்பியரிலும் பாதியைக் குளிர்ப்பெட்டியே எடுத்துக்கொண்டது. ஐந்து மணி நேரத்தில் பாட்டரியில் சேர்ந்தது 25 ஆம்பியர்-மணிதான். இரவு முழுவதற்கும் அது எம்மட்டு?

இந்தத் தொல்லையை நமக்கு முன்பே கண்டவர்கள் ரெயில் பொறியாளர்கள். ரெயில் பெட்டியும் ஓர் இழுவண்டிதானே! அவர்கள் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, மின்சாரத்தை அந்தந்தப் பெட்டியிலேயே ஆக்கிக்கொள்வது. பெரம்பூர்த் தொழிற்சாலையில் 1955 முதல் 2018 வரை உருவான ஐ.சி.எப். வகைப் பெட்டிகள் பலவற்றின் அடியில், சக்கர அச்சிலிருந்து பெல்ட்டால் சுழலும் மின்னாக்கி உண்டு. வண்டி ஓடினால் 110 வோல்ட் பாட்டரி நிரம்பும். நின்றால் பாட்டரியே விளக்கெரிக்கும். மற்றொன்று, முன்னிருந்தே அனுப்புவது. ஆனால் உயர்ந்த அழுத்தத்தில். எல்.எச்.பி. பெட்டிகளுக்கு எஞ்சினிலிருந்தோ மின்னாக்கி வண்டியிலிருந்தோ 750 வோல்ட் செல்கிறது.

ஏன் அவ்வளவு? அழுத்தம் உயர்ந்தால், அதே திறனுக்கு ஓட்டம் குறையும். ஓட்டம் பாதியானால் கம்பியில் இழப்பு கால் பங்காகும். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து, தமிழர் பலர் உழைத்த கோலார் தங்கவயலுக்குப் பல்லாயிரம் வோல்ட்டில் மின்சாரம் சென்றதும் இக்கணக்கினால்தான்.

இனி நம் இழுவண்டிக்கு வருவோம். செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, கம்பி தடிப்பாக இருக்கட்டும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில், அதே 10 ஆம்பியருக்கு இழப்பு 0.2 வோல்ட்தான்.

இரண்டாவது, பின்வண்டிப் பாட்டரியின் அருகிலேயே டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்றைப் பொருத்துக. குறைந்து வந்த அழுத்தத்தை அது உயர்த்திக் கொடுக்கும். அதற்காக முன்னிருந்து கூடுதல் ஓட்டம் இழுக்குமாதலால், சார்ஜர் இருந்தாலும் மெல்லிய கம்பி உதவாது.

மூன்றாவது, இரு பாட்டரிகளின் அருகிலும் கம்பிக்கு ஏற்ற பியூஸ் வேண்டும். இரு முனையிலும் மின்மூலம் இருப்பதால் ஒன்று போதாது. கம்பி நசுங்கினால் தீப்பற்றும்.

நான்காவது, எஞ்சின் நின்றவுடன் இணைப்பைத் துண்டிக்க ஒரு ரிலே. இல்லையேல் குளிர்ப்பெட்டி ஜீப்பின் பாட்டரியையும் குடித்துவிடும். காலையில் வண்டி கிளம்பாது.

இவை நான்கையும் செய்து முடித்து, எஞ்சின் ஓடும்போதே பின்வண்டிப் பாட்டரியின் முனைகளில் வோல்ட்மீட்டர் வைத்தேன்: 14.3. நண்பருக்குக் காட்டினேன். அடுத்து, அவருடைய தாயாருக்கும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். அடுத்த பயணத்திற்கு மண்பானையையும் எடுத்து வைக்கச் சொன்னார். நான் மறுக்கவில்லை.