புகை என்பது எரியாத விறகு

சிரம்பான் நகரைச் சேர்ந்த லோபாக் வட்டாரத்தில் இன்று வீட்டுச் சமையல் பெரும்பாலும் எரிவாயு அடுப்பில்தான் நடக்கிறது. விறகடுப்பு பொங்கலன்று மட்டும் வாசலில் மூன்று செங்கற்களாக வந்து நிற்கும். விறகைக் கட்டாகத் திணிப்பார்கள், புகை மண்டும், கண் எரியும். உடனே விறகு ஈரம் என்று பழி சொல்வார்கள். ஈர விறகு புகையும் என்பது உண்மைதான். ஆனால் காய்ந்த விறகும் அளவுக்கு மீறித் திணிக்கப்பட்டால் புகையத்தான் செய்யும்.

ரந்தாவ், சிலியாவ், லாபு வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் விறகு ஊட்டுவது அன்றாடத் திறமையாக இருந்தது. பால்மரம் சீவுவோர் விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். அதற்குள் பசியாற ஏதேனும் செய்து, பகல் சோற்றையும் வடித்துவிட வேண்டும். அடுப்பு பற்றத் தாமதமானால் அன்றைய வேலையும் தாமதப்படும். லயத்துப் பெண்கள் இருட்டிலேயே அடுப்பைப் பற்றவைக்கக் கற்றிருந்தது இதனால்தான்.

அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ரப்பர் விறகு. ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் கொடுத்த மரங்களை வெட்டி மறுநடவு செய்வது தோட்டங்களின் வழக்கம். அப்படி வெட்டிய மரங்கள் அடுப்புக்கும் ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் போயின. 1980-களில் அதே மரம் நாற்காலி, மேசை செய்யும் தொழிலுக்கு மதிப்புள்ள பொருளானது. ஆனால் புதிதாக வெட்டிய ரப்பர் மரத்தில் நீர் அதிகம். அதைப் போட்டு வைத்தால் பூஞ்சையும் வண்டும் விரைவில் பிடித்துவிடும். அதனால் உடனே பிளந்து, காற்று புகும்படி இடைவெளி விட்டு, மழைச்சாரல் படாத தாழ்வாரத்தில் அடுக்க வேண்டும். மறுநாளுக்கு வேண்டிய விறகை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றி வைக்கும் வழக்கமும் உண்டு. இன்றைய அடுப்பின் வெப்பமே நாளைய விறகைக் காயவைக்கும். செலவில்லாத நல்ல ஏற்பாடு அது.

விறகு எரிவது ஒரே செயல்போலத் தோன்றினாலும் அதில் படிகள் உண்டு. முதலில் விறகிலுள்ள நீர் ஆவியாகிறது. அது முடியும்வரை அந்த விறகின் வெப்பம் ஏறுவதில்லை. பின்னர், சுமார் 250 பாகை செல்சியசைக் கடக்கும்போது கட்டை சிதைந்து வாயுக்களை வெளியிடுகிறது. நாம் சுவாலையாகக் காண்பது அந்த வாயுக்கள் எரிவதைத்தான். இறுதியில் எஞ்சும் கரி தணலாகக் கனல்கிறது. வெளியேறிய வாயுவுக்குப் போதிய காற்றோ வெப்பமோ கிடைக்காவிட்டால் அது எரியாமலே புகையாகப் போய்விடுகிறது. ஆகவே கண்ணைக் கரிக்கும் அந்தப் புகை எரியாமல் வீணான விறகே. கூரையில் கரியாகப் படிவதும் அதுதான்.

இதை அறிந்தால் ஊட்டும் முறை தானே விளங்கும். முதலில் பழைய சாம்பலை அள்ளி, அடியில் காற்று நுழைய வழி செய்ய வேண்டும். தென்னம்பாளை, சுள்ளி, சிராய் ஆகியவற்றைத் தளர்வாக வைத்துப் பற்றவைத்து, சுவாலை நிலைத்த பிறகே பிளந்த விறகை வைக்க வேண்டும். இரண்டு மூன்று விறகுகள் போதும். அவற்றின் நுனிகள் மட்டும் நடுவில் அருகருகே இருக்க வேண்டும். ஒரு கட்டையின் வெப்பம் மற்றதைக் கனலவைக்கும். தனிக் கட்டை எளிதில் அணைந்துவிடும். நுனி எரிந்து குறையக் குறைய விறகை உள்ளே தள்ள வேண்டும். முன்னது தணலாகும் தறுவாயில் அடுத்ததைச் சேர்க்க வேண்டும். தணல் முழுவதும் அடங்கிய பிறகு மொத்தமாக நிரப்புவதுதான் புகைக்கு முதல் காரணம். ஊதாங்குழலால் ஊதுவதானால் சுவாலையை நோக்கி ஊதாமல் தணலின் அடியை நோக்கி ஊத வேண்டும்.

உலை பொங்கினால் விறகை வெளியே இழுப்பார்கள். 'எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும்' என்ற பழமொழி அடுப்படியிலேயே பிறந்ததாக இருக்க வேண்டும். சோறு ஒரு பக்கம் வேக, அதே நெருப்பின் மிச்ச வெப்பத்தில் கொடியடுப்பில் குழம்பு கொதிக்கும்.

இத்திறமையால் புகை குறைந்ததே தவிர, ஒழியவில்லை. திடப்பொருள் அடுப்புகளால் வீட்டுக்குள் மாசுபடும் காற்று 2020-இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேரின் உயிரைப் பறித்தது என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அதிகம் துன்புறுவோர் அடுப்படியிலேயே நேரம் கழிக்கும் பெண்களும் அவர்கள் அருகிலிருக்கும் குழந்தைகளும் ஆவர். இதற்கு மாற்று தேடியவர்களுள் ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ்.பி.ராஜுவும் ஒருவர். புகைபோக்கி வைத்த மண் அடுப்பைப் பற்றி 1953-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். 1983-இல் இந்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கென நாடு தழுவிய திட்டமொன்றைத் தொடங்கியது.

ஆயினும் ஒடிசா மாநிலத்தில் நான்கு ஆண்டுகள் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு வேறோர் உண்மையைக் காட்டியது. புதிய அடுப்புகள் முதலாம் ஆண்டில் புகையைக் குறைத்தன. பின்னர் அந்தப் பயன் மறைந்தது. மக்கள் அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தவில்லை, முறையாகப் பராமரிக்கவும் இல்லை. அடுப்பு எவ்வளவு நன்றாக அமைக்கப்பட்டிருந்தாலும் அதற்கு விறகிடுபவரின் கவனமும் வேண்டும்.

கவனம் தேவைப்படும் இடங்கள் இன்னும் இரண்டு உள்ளன. அணையும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது பேராபத்து. சூடான தணலில் அது நொடியில் ஆவியாகி, ஊற்றுபவரின் கைவரை பற்றிக்கொள்ளும். மற்றொன்று, புகை நின்றுவிட்டதால் தணல் தீங்கற்றது என்று நம்புவது. தணலிலிருந்து நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வெளியேறுகிறது. பிறந்த குழந்தைக்குச் சாம்பிராணி காட்டிய தணல் சட்டியை, கதவும் சன்னலும் மூடிய அறையில் விட்டுவிடக் கூடாது. தூங்குபவர் மூச்சுத் திணறுவதை உணர்வதற்குள்ளேயே மயங்கிவிடுவார்.

இரவில் தணலைச் சாம்பலால் மூடி வைப்பது தோட்ட வீடுகளின் வழக்கம். காற்றுக் குறைவதால் தணல் மெல்லக் கனன்று விடியும்வரை நீடிக்கும். கிளறி ஊதினால் தீப்பெட்டி தேவைப்படாது. ஆகவே பாத்திரம் துலக்கவும் செடிக்குப் போடவும் சாம்பலை அள்ளுபவர்கள் முதலில் கிளறிப் பார்த்து, தகர வாளியில் அள்ளித் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெளியே ஆறிய சாம்பலுக்குள் தணல் மறுநாளும் கனன்றுகொண்டிருக்கலாம்.