மரத்தில் செதுக்கிய முகங்களும் மூத்த தமிழ் அச்சு நூலும்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தின் அரிய நூல்களுள் ஒன்று, இத்தாலியரான வாசாரி எழுதிய கலைஞர் வரலாறு. அதன் இரண்டாம் பதிப்பு 1568இல் புளோரன்ஸ் நகரில் வெளிவந்தது. ஓவியர், சிற்பிகளின் வாழ்க்கையோடு அவர்களுடைய முகங்களும் மரச்செதுக்குப் படங்களாக அதில் இடம்பெற்றன. புரொப்பெர்சியா என்ற பெண் சிற்பியின் முகமும் அவற்றுள் ஒன்று.

மரச்செதுக்கு என்பது என்ன? பலகையில் கோடுகளை மட்டும் மேடாக விட்டு, மற்ற இடங்களைக் குடைந்து எடுப்பர். மேட்டில் மை தடவித் தாளை அழுத்தினால் படம் பதியும். இடம் வலமாகப் பதிவதால், கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றிச் செதுக்க வேண்டும். அச்செழுத்தும் இவ்வாறே மேடானது. எனவே படத்தையும் எழுத்தையும் சேர்த்து அடுக்கி, ஒரே அழுத்தில் அச்சிட முடிந்தது.

இக்கலை தமிழையும் தொட்டது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. 16 பக்கங்கள் கொண்ட கிறிஸ்தவ சமயச் சிறுநூல் அது. இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி, இன்று கிடைக்கும் நூல்களுள் இதுவே மூத்தது. தலைப்புப் பக்கத்தில் ஒரு சமயப் படமும் உண்டு. ஏட்டு வழக்கைப் பின்பற்றியதால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. இதனைத் தமிழாக்கிய அன்றிக்கு அடிகளார் என்ற போர்த்துக்கேயர், முத்துக்குளிக்கும் கரையிலும் நமது மன்னாரிலும் பணியாற்றியவர். நூலின் ஒரு பிரதி இன்று அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

அடிகளார் மக்களிடமிருந்து தமிழைக் கற்றார். அவருக்குச் சொல் சொல்லிக் கொடுத்தவர்களின் முகங்கள் எந்தப் பலகையிலும் செதுக்கப்படவில்லை.

வாசாரியின் நூலில் இன்னொரு செய்தி உண்டு. சிலருடைய உருவம் கிடைக்காதபோது, அழகிய சட்டத்தை மட்டும் அச்சிட்டு உள்ளே வெறுமையாக விட்டிருக்கிறார்கள். இல்லாத முகத்தைக் கற்பனையால் நிரப்பவில்லை. அந்த மனிதருக்குரிய இடத்தை அழிக்கவும் இல்லை. வரலாறு எழுதுவோருக்கு இது பெரிய பாடம்.

நமக்கும் வெறுஞ்சட்டங்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, கிதாபுகளும் உறுதிகளும் புகைப்படங்களும் வீடுகளிலேயே தங்கிவிட்டன. திரும்பி வந்தவர்கள் பலருக்குக் கிடைத்தவை சுவர்கள் மட்டுமே. ஆனால் அந்த முகங்களை நினைவில் வைத்திருப்போர் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள்.

மாணவிகளே, இவ்விடுமுறையில் செய்து பாருங்கள்:

1. ஒரு கொப்பியில் குடும்பத்தின் மூத்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டம் வரையுங்கள்.

2. உம்மம்மாவிடமும் வாப்பும்மாவிடமும் கேட்டுப் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றை எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் திகதியையும் குறியுங்கள்.

3. படம் இருந்தால் ஒட்டுங்கள். இல்லையெனில் சட்டத்தை வெறுமையாகவே விடுங்கள்.

பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது “அதெல்லாம் எதற்கு?” என்று சொல்லிவிடாதீர்கள். சட்டமாவது இருந்தால்தான், என்றோ ஒருநாள் கிடைக்கும் முகத்தை வைக்க இடமிருக்கும்.