இல்லக் கணக்கும் தொழிற்கணக்கும்

அலுவலகத்தில் பணிபுரிபவர் மாலையானதும் அதைப் பூட்டிவிட்டு வீடு திரும்புகிறார். நெசவாளருக்குப் பூட்டுவதற்கு அப்படி ஓர் அலுவலகம் இல்லை. குறிஞ்சிப்பாடியிலும் புவனகிரியிலும் எத்தனையோ வீடுகளில் தறிக்குழி கூடத்திலேயே இருக்கிறது. குழந்தை தவழ்வதும் அங்கே; நாடா ஓடுவதும் அங்கே; மனைவி ஒரு கண்ணை அடுப்பின்மேல் வைத்துக்கொண்டு தார் சுற்றுவதும் அங்கேதான். பயிர்த்தொழில் செய்யும் உறுப்பினரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. விதைக்கும் உரத்துக்கும், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் பணம் எடுக்கப்படுகிறது. தொழிலையும் குடும்பத்தையும் எவ்வாறு இணைத்து நடத்துவது என்று பட்டணத்தார் கேட்கிறார்கள். நமக்கோ இரண்டும் பாவும் ஊடையுமாகப் பின்னிக் கிடக்கின்றன. எந்த இடத்தில் பிரிப்பது என்பதே நமது கேள்வி.

இப்பாடம் தந்தையராக உள்ள உறுப்பினர்களை முன்னிட்டு எழுதப்படுகிறது. தாய்மாரும் படிக்கலாம். சொல்லப்போனால், கீழே வரும் கணக்கில் பிழை எங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது கற்பனைக் கணக்கு. அவரவர் தறிக்குத் தக்க எண்களை இட்டுக்கொள்க. ஒரு பாவு நெய்து இறக்க 12 நாள் ஆகிறது. அதற்குக் கூலி 6,000 ரூபாய் என்று கொள்வோம். குடும்பத் தலைவர் நாளொன்றுக்கு 10 மணி நேரம் தறியில் அமர்கிறார். 12 நாளில் 120 மணி நேரம். 6,000-ஐ 120-ஆல் வகுத்தால் மணிக்கு 50 ரூபாய் வருகிறது. 'பரவாயில்லை' என்று அவர் எண்ணுகிறார்.

ஆனால் அவருடைய மனைவி தார் சுற்றுவதிலும், இழை பிணைப்பதிலும், பாவுக்குக் கஞ்சி போடும்போது உடன் நிற்பதிலும் நாளொன்றுக்கு 4 மணி நேரம் செலவிடுகிறார். அது 48 மணி நேரம். பள்ளியிலிருந்து திரும்பும் மகன் ஒரு மணி நேரம் கைகொடுக்கிறான். அது 12 மணி நேரம். மொத்தம் 180. இப்போது வகுத்துப் பார்த்தால், மணிக்கு 33 ரூபாயும் சில காசுகளுமே தேறுகின்றன. சங்கத்தின் ஏட்டில் கூலி ஒருவர் பெயரில் பதிவாகிறது, உழைத்தவர்களோ மூவர். தாம் ஈட்டியதாகத் தந்தை நினைத்துக்கொண்டிருக்கும் 50 ரூபாயில், மூன்றில் ஒரு பங்கு மற்ற இருவருடையது.

குடும்பத்தார் ஒருவருக்கொருவர் கூலி கொடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்த உழைப்பை ஏட்டில் எழுதவேண்டும் என்றே சொல்கிறோம். எழுதாத உழைப்பு கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததற்கு ஓய்வும் கிடையாது. 'ஒரு தறி போதவில்லை, இன்னொன்று போடலாம்' என்று முடிவெடுக்கும் தந்தை, அந்த இரண்டாந் தறிக்குத் தார் சுற்றப்போகும் கைகள் எவருடையவை என்று கேட்டுக்கொள்வதில்லை. கடன் கிடைக்குமா, நூல் கிடைக்குமா என்று மட்டும் கேட்கிறார். தொழிலை விரிவாக்குவது நல்லதே. அதன் விலையை வீட்டுக்குள் யார் செலுத்துகிறார் என்று அறிந்து விரிவாக்குவது அதனினும் நல்லது.

பிள்ளையின் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, 14 வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைப்பது முற்றிலும் தடுக்கப்பட்டது. எனினும், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவி செய்யலாம் என்று ஒரு விலக்கு அளிக்கப்பட்டது. சட்டம் வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது என்பதற்காக அதனுள் பிள்ளையைத் தள்ளிவிட வேண்டுமென்பதில்லை. ஒரு மணி நேரம் தந்தையின் அருகில் அமர்ந்து கைத்தொழிலின் நுட்பத்தைப் பழகுவது வேறு. தீபாவளிச் சரக்கை முடிக்கவேண்டுமென்று இரவு 10 மணி வரை தார் சுற்றிவிட்டு, மறுநாள் வகுப்பில் தூங்கி விழுவது வேறு. இரண்டிற்கும் இடையிலுள்ள கோட்டைப் போடவேண்டியவர் தந்தையே. எந்தச் சங்கமும் அதை அவருக்காகப் போட்டுத்தர இயலாது.

இவ்விடத்தில் கடலூரிலேயே நிகழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றை நோக்குவது பயனுடையது. சின்னிகிருஷ்ணன் என்பவர் கடலூரில் மருந்துப் பொருள்களையும் அழகுப் பொருள்களையும் சிறிய அளவில் செய்து விற்றவர். முகப்பவுடர் தகர டப்பாவில் மட்டுமே விற்ற காலத்தில், அவர் அதைச் சிறு சிறு பொட்டலங்களாக ஆக்கினார். பேதி உப்பை 5 கிராம் பொட்டலமாகக் கொடுத்தார். கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் தம் பொருளை வாங்கக்கூடியவர்களாக இருக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். நீர்மப் பொருளையும் சிறு பையில் அடைக்கலாம் என்ற கருத்தும் அவருடையதே. (அச்சிறு பைகள் இன்று வாய்க்கால்களில் குப்பையாய்த் தேங்குகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அது பின்னால் வந்த வினை.) ஆனால், ஒன்றைக் கண்டுபிடித்ததும் அடுத்த கண்டுபிடிப்புக்குச் சென்றுவிடுவது அவர் இயல்பு. விற்பனையை ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்த அவர் முனையவில்லை என்று அவர் மகனே பின்னாளில் பேட்டியில் கூறியிருக்கிறார்.

அந்த மகன் சி. கே. ரங்கநாதன். உடன்பிறந்தோர் படிப்பில் சிறந்திருக்க, அவர் படிப்பில் பின்தங்கியவராக இருந்தார். தாழ்வு மனப்பான்மையும் இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய மனம் முழுவதும் புறாக்களிலும் மீன்களிலும் பறவைகளிலுமே இருந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் வயதிலேயே நூற்றுக்கணக்கான புறாக்களை வளர்த்தார். அவற்றை விற்றுத் தம் கைச்செலவுக்குப் பணமும் ஈட்டினார். நம் வீடுகளில் இப்படியொரு பிள்ளை இருந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் தாள் வந்த அன்று மாலையே புறாக்கூடு பிரிக்கப்பட்டிருக்கும். அந்த வீட்டில் அது பிரிக்கப்படவில்லை. படிப்பு வராவிட்டால் பயிர்த்தொழிலோ வாணிபமோ செய்யட்டும் என்பது தந்தையின் கருத்தாக இருந்தது. தொழிலில் மூழ்கியிருந்த அந்தத் தந்தை, தம் பிள்ளைக்கு எது வரும் எது வராது என்பதைக் கவனித்திருந்தார் என்பது இதிலிருந்து புலப்படுகிறது. பிள்ளைகளோடு எத்தனை மணி நேரம் இருந்தோம் என்று கணக்கிடுகிறோம். அந்த நேரத்தில் எதைக் கண்டோம் என்பதை அவ்வாறு கணக்கிடுவதில்லை.

மகன் கல்லூரியில் சேர்ந்த காலத்தில் தந்தை காலமானார். தமையன்மார் தொழிலை ஏற்று, சிறு பையில் வெல்வெட் ஷாம்பூவை வெளியிட்டனர். இளையவரும் சில காலம் அதில் இருந்தார். கருத்து வேற்றுமையால், சொத்துரிமையை நாடாமல் வெளியேறி, 1983-இல் தம்மிடமிருந்த 15,000 ரூபாயைக் கொண்டு தனித் தொழில் தொடங்கினார். அந்தத் தொகையை அவர் பகிர்ந்த விதத்தில் நமக்கு ஒரு பாடம் உண்டு. குடியிருப்புக்கும் அலுவலகத்துக்குமாக ஒரு வீட்டை மாதம் 250 ரூபாய் வாடகைக்கு எடுத்தார். உற்பத்திக்கு வேறோர் இடத்தை 300 ரூபாய்க்கு எடுத்தார். 3,000 ரூபாய்க்கு ஒரு பொறி வாங்கினார். இவ்வளவு குறைந்த முதலிலும் சரக்குச் செய்யும் இடத்துக்கென ஒரு தனி வாடகை! தந்தையின் பெயரிலுள்ள எழுத்துகளைக் கொண்டே அந்தப் பொருளுக்குச் 'சிக்' என்று பெயரிட்டார். ஈடு காட்டச் சொத்து இல்லாததால் வங்கிகள் கடன் தர மறுத்தன. இறுதியில் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. ஈடு ஏதும் இல்லை, ஆயினும் இந்தச் சிறுதொழில் வருமான வரி செலுத்துகிறது என்பதே மேலாளர் எடுத்துக்காட்டிய காரணமாம். வீட்டுச் செலவும் தொழில் வரவும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தால் வரி செலுத்துமளவுக்குக் கணக்கு எங்கிருந்து வரும்? அந்நிறுவனம் 1998-இல் கெவின்கேர் என்று பெயர் பெற்றது.

இவ்வரலாற்றைப் படித்து நாமெல்லோரும் ஷாம்பூ செய்யக் கிளம்ப வேண்டும் என்பதில்லை. வெற்றி பெற்றவர் கதையே நம் காதுக்கு வருகிறது. அதே ஆண்டில் அதே தொகையுடன் தொடங்கி மூடியவர்களின் கதையை எவரும் பேட்டி காண்பதில்லை. நாம் எடுத்துக்கொள்வது கணக்கைப் பிரித்த அந்தப் பழக்கத்தையும், கூட்டைப் பிரிக்காத அந்தத் தந்தையையும் மட்டுமே.

இனிப் பயிர்த்தொழில் செய்வோர் பக்கம் வருவோம். நெசவில் வரவு பாவுக்குப் பாவு வருகிறது. கரும்பில் பத்துப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பலாவிலும் முந்திரியிலும் ஆண்டுக்கணக்கு. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ணுருட்டி வட்டாரத்தில் தந்தை நட்டு மகன் பலன் கண்டுகொண்டிருந்த மரங்கள் ஒரே நாளில் வேரோடு சாய்ந்தன. மீண்டும் கன்று நட்டவர்கள் அது காய்க்கும் வரை எதைக் கொண்டு வீட்டை நடத்துவது என்று திகைத்தார்கள். 2015-இன் இறுதியில் வந்த பெருவெள்ளமும் இம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிற்று. இத்தகைய கடற்கரை மாவட்டத்தில் வாழும் தந்தை, வீட்டுச் செலவுக்கென்று சில மாதத் தொகையைத் தொழிலின் கை படாத இடத்தில் வைத்திருப்பது அவசியம். நெசவாள உறுப்பினருக்கு இதற்கெனவே 1975 முதல் சேமிப்பும் பாதுகாப்பும் தரும் திட்டம் உள்ளது. அதில் கூலியிலிருந்து ஒரு பங்கு பிடிக்கப்படுகிறது. அரசும் ஒரு பங்கு சேர்க்கிறது. 'பிடித்தம்' என்றதும் முகம் சுளிப்பவர்கள், எவருடைய கையிலிருந்து அது காப்பாற்றப்படுகிறது என்று யோசிப்பார்களாக.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கமும் உண்டு. பயிர்க்கடன் வாங்கிக் காதுகுத்து நடத்துவது. மாமன் சீருக்கும் பந்தலுக்கும் பணம் போய்விட, வயலுக்கு உரம் கடனாக வருகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் தவணைக்குள் பயிர்க்கடனைத் திருப்பிச் செலுத்தும் உறுப்பினருக்கு வட்டிச் சுமை இல்லை. தவணை தவறினாலோ அந்தச் சலுகை போய்விடுகிறது. பிள்ளையின் மேல் வைத்த அன்பினால்தான் தந்தை இதைச் செய்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த விழாவின் கடனை அடுத்த ஆண்டு அடைக்கப்போவது அப்பிள்ளையின் பள்ளிக்கட்டணமே.

பணத்தைப் பற்றி இவ்வளவு சொன்னபின், நேரத்தைப் பற்றியும், தந்தை தம்மைத் தாம் வளர்த்துக்கொள்வதைப் பற்றியும் சொல்லவேண்டும். 'எனக்கேது நேரம்?' என்பது வழக்கமான விடை. ஆவணி முதல் தீபாவளி வரை அந்த விடை உண்மைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலம் ஊறித் தறிக்குழி ஈரம் காக்கிறது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட இயலாது. வயலிலும் நடவு முடிந்தபின் சில வாரம் கை சற்று ஓய்கிறது. அந்த நாட்கள் எங்கே போகின்றன என்பதை அவரவர் மனமறியும். ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரி வளர்ந்து 1929-இல் பல்கலைக்கழகமாயிற்று. 1979-இல் அது தொலைநிலைக் கல்வியையும் தொடங்கிற்று. பணியில் இருந்துகொண்டே அதன்வழிப் பட்டம் பெற்ற தந்தையர் எத்தனையோ பேர். இக்காலத்தில் எந்தத் தொலைநிலைப் படிப்பில் சேருமுன்னும், அப்படிப்புக்கு அந்த ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு இருக்கிறதா என்று பார்த்துச் சேர்வது நலம். பட்டம் வேண்டாதவர் நம் சங்கத்தின் துணைவிதிகளையும் ஆண்டறிக்கையையும் தாமே படித்து விளங்கிக்கொள்ளும் அளவுக்கு வந்தாலும் போதும். வரவு செலவு அறிக்கையைப் படிக்கத் தெரியாத உறுப்பினர் பொதுப்பேரவையில் கை உயர்த்த மட்டுமே வருகிறார். தந்தையும் மாலையில் ஒரு புத்தகத்தை விரித்து, புரியாத இடத்தைப் பள்ளி செல்லும் மகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வீட்டில், 'படி, படி' என்று அதட்ட வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது.

கடைசியாக ஒரு சிறு வேலை. அதற்கு நேரமும் பணமும் வேண்டியதில்லை. தங்கள் பங்குத்தொகைக்கும் வைப்புத்தொகைக்கும் நியமனதாரராக எவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சங்க அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். திருமணத்துக்கு முன் உறுப்பினரானவர்களின் ஏட்டில், காலஞ்சென்ற தாய் அல்லது தந்தையின் பெயரே இன்னும் இருக்கக்கூடும். அதை மாற்றுவதற்கு ஒரு படிவமும் ஒரு கையொப்பமும் போதும். படிவத்தை நிரப்பும்போது மனைவியையும் அருகில் அமர்த்திக்கொள்க; சங்கத்தில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கடன் நிற்கிறது என்பதை அவர் அன்றைக்கு முதன்முறையாக அறிந்துகொள்ளவும் கூடும்.