இயன்முறைச் சிகிச்சையும் குழந்தையின் மறுப்பும்

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். இவர்களுள் அறிவுசார் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் ஆவர். இக்குறைபாடு உடைய குழந்தைகள் பலருக்கு உடல் இயக்கத்திலும் குறை காணப்படுகிறது. மூளை முடக்குவாதமும் சேர்ந்திருப்பின் தசைகள் பெரும்பாலும் இறுகிவிடுகின்றன. டவுன் கூட்டறிகுறி உடைய குழந்தைகளுக்குத் தசைகள் தொய்ந்திருப்பதால், உட்காருதலும் நடத்தலும் காலந்தாழ்ந்தே கைகூடுகின்றன. இவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சை இன்றியமையாதது. அது மாதக்கணக்கில், ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய சிகிச்சையாகும்.

ஆனால் சிகிச்சை அறையில் குழந்தை அலறுகிறது, கடிக்கிறது, தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறது. சில வாரங்களில் 'ஒத்துழைக்காத குழந்தை' என்னும் குறிப்பு பதிவேட்டில் ஏறுகிறது. கூலியை இழந்து குழந்தையைத் தூக்கி வரும் தாய், பின்னர் வருவதையே நிறுத்திவிடுகிறாள். இறுகிய தசை மேலும் குறுகி மூட்டு மடங்கி நின்றுவிட்டால், அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

மறுப்பின் பொருள்

பேச்சுத்திறன் குறைந்த குழந்தைக்கு நடத்தையே மொழி. எனவே முதலில் ஆராய வேண்டியது வலி. காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், வலிப்பு ஆகியவற்றை அக்குழந்தையால் எடுத்துரைக்க இயலாது. தசையை நீட்டும் பயிற்சியே வலி தருவதாகவும் இருக்கலாம். இவை இல்லையெனத் தெளிந்த பின்னரே பிற காரணங்களை நாட வேண்டும்.

நடத்தையியல் அறிஞர்கள் இக்காரணங்களை நான்காக வகுப்பர்: பிறர் கவனத்தைப் பெறுதல், விரும்பிய பொருளைப் பெறுதல், கடினமான பணியிலிருந்து தப்புதல், புலனின்பம் பெறுதல். நடத்தைக்கு முன் நிகழ்ந்தது யாது, நடத்தை எத்தகையது, அதன்பின் விளைந்தது யாது என்னும் மூன்றையும் சில நாட்கள் குறித்துவந்தால் காரணம் புலப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். காலை நீட்டத் தொடங்கியதும் அவன் சிகிச்சையாளரின் கையைக் கடிக்கிறான். அவர் பயிற்சியை நிறுத்தி, தண்டனையாக அவனை மூலையில் உட்கார வைக்கிறார். அவன் விரும்பியதோ பயிற்சியிலிருந்து விடுதலை! தண்டனை எனக் கருதப்பட்டது அவனுக்குப் பரிசாகிவிட்டது. மறுநாள் அவன் இன்னும் விரைவாகக் கடிப்பான். அதற்காக அவனை அழுத்திப் பிடித்துப் பயிற்சியைத் தொடர்வதும் தீர்வன்று. அது அச்சத்தையே வளர்க்கும்.

செய்ய வேண்டுவன

அரைமணி நேரப் பயிற்சியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கலாம். அடுத்து வருவதைப் படங்களால் முன்னரே காட்டலாம். 'போதும்' எனக் கையால் சைகை காட்டக் கற்பித்து, சைகை காட்டியவுடன் ஓய்வளித்தால் கடிக்கும் தேவை குறையும். எளிதில் முடிக்கக்கூடிய செயலுடன் பயிற்சியை நிறைவு செய்து உடனே பாராட்டுதல் நன்று. பந்து, ஊஞ்சல், தாளம் ஆகியவற்றால் பயிற்சியை விளையாட்டாக்கலாம். இம்முறையைத் தாயும் கற்று வீட்டில் பின்பற்றுதல் வேண்டும். சிகிச்சை அறையில் ஒரு முறை, வீட்டில் வேறு முறை என்றால் பயனில்லை.

அமைப்புகளும் பொறுப்பும்

1984-இல் செகந்திராபாத்தில் நிறுவப்பட்ட தேசிய நிறுவனம், இந்தியக் குழந்தைகளுக்கென நடத்தை மதிப்பீட்டு அளவுகோல் ஒன்றை உருவாக்கியுள்ளது. அதன் இரண்டாம் பகுதி, நடத்தைச் சிக்கல்களைப் பத்துப் பிரிவுகளில் 75 கூறுகளாக வகைப்படுத்துகிறது. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில், இயன்முறைச் சிகிச்சையாளரும் உளவியலாளரும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்ற வழிவகை செய்யப்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, கொடுமையான, இழிவுபடுத்தும் நடத்துமுறையிலிருந்து அவர்களைக் காக்குமாறு அரசைப் பணிக்கிறது. 27-ஆம் பிரிவு மறுவாழ்வுப் பணிகளை வலியுறுத்துகிறது.

எனினும், சிகிச்சையாளரும் உளவியலாளரும் ஒரே குழந்தையைப் பற்றிக் கலந்து பேசாவிடில் ஒரே கூரை இருந்தும் பயனில்லை. மையங்களின் பணியை மதிப்பிடும் அலுவலர்கள், பதிவான குழந்தைகளின் எண்ணிக்கையுடன் நின்றுவிடாமல், இடையில் நின்ற குழந்தைகள் எத்தனை பேர், ஏன் நின்றனர் என்றும் வினவுதல் வேண்டும். 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி ஏட்டை மூடுவது எளிது. குழந்தை எதை மறுக்கிறது, ஏன் மறுக்கிறது என்று எழுதத் தொடங்கும் இடத்திலேதான் சிகிச்சை தொடங்குகிறது.