மூத்தவளுக்கும் நீதி வேண்டும்



மஃரிப் முடிந்த நேரம். ஏழு வயது மூத்தவள் பாயில் உட்கார்ந்து மதரஸா நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு உஸ்தாதிடம் காட்ட வேண்டும். இரண்டு வயதுத் தங்கை ஓடி வந்து பேனாவைப் பிடுங்குகிறாள். ராத்தா தரவில்லை. அடுத்த நொடி நோட்டிலிருந்து ஒரு தாள் கிழிந்து சின்னவள் கையில் இருக்கிறது. மூத்தவள் தள்ளிவிடுகிறாள். சின்னவள் தரையில் உருண்டு வீடே அதிர அழுகிறாள்.

அடுப்படியிலிருந்து உம்மா ஓடி வருகிறார்கள். "சின்னப் புள்ளையத் தள்ளுவியா? நீ பெரியவதானே, கொஞ்ச நேரம் பேனாவைக் குடுத்தா என்ன?" பேனா சின்னவள் கைக்குப் போகிறது. அழுகை நிற்கிறது. மூத்தவள் கிழிந்த தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போகிறாள்.

வீடு அமைதியாகிவிட்டது. ஆனால் அங்கே ஒரு வழக்கு நடந்து தீர்ப்பும் சொல்லப்பட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

சின்னவள் ஏன் அப்படிச் செய்கிறாள்?

உம்மா கொடுத்த செல்லம், வாப்பாவின் கோபம் அப்படியே வந்திருக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையில், இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆசை நிறைய இருக்கிறது, அதைச் சொல்ல வார்த்தை குறைவாக இருக்கிறது. 'என்னுடையது' என்பதை இந்த வயதில்தான் கற்கிறாள். பங்கிட்டுக் கொடுப்பது அதற்குப் பிறகு வருவது. தன்னை அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி முழுமையாக வளர இருபது வயதும் தாண்டிவிடும். ஆகவே அவள் வேண்டுமென்றே வம்பு செய்யவில்லை.

அதோடு, பிறவிக் குணம் என்று ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் தாமஸ், செஸ் என்ற மருத்துவத் தம்பதியர் 1956ஆம் ஆண்டு முதல் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். சில குழந்தைகள் தொடக்கத்திலிருந்தே அமைதியாகவும், சில குழந்தைகள் எதையும் வேகமாகவும் உரக்கவும் வெளிப்படுத்துபவர்களாகவும் இருப்பதைக் கண்டார்கள். குழந்தையின் குணத்தை அறிந்து வீட்டார் நடந்துகொள்வதுதான் முக்கியம் என்றார்கள். துடிப்பான குழந்தை கெட்ட குழந்தை அல்ல. அவளுக்கு எல்லையும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

மூத்தவள் என்ன கற்றுக்கொள்கிறாள்?

சின்னவளைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் நாம், மூத்தவளைப் பற்றி அந்த அளவு யோசிப்பதில்லை. அவள்தான் தொந்தரவு தருவதில்லையே! ஒவ்வொரு முறையும் "விட்டுக்கொடு" என்று அவளிடமே சொல்லும்போது, அவள் மனதில் பதிவது விட்டுக்கொடுக்கும் குணம் அல்ல. 'அழுதால் கிடைக்கும், பேசாமல் இருந்தால் பறிபோகும்' என்பதுதான் பதிகிறது. பிறகு அவளும் அழத் தொடங்குவாள், அல்லது யாரும் பார்க்காதபோது தங்கையைக் கிள்ளுவாள், அல்லது நம்மிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிடுவாள். மூன்றாவதைத்தான் நாம் 'ரொம்பப் பொறுமையான பிள்ளை' என்று பாராட்டுகிறோம்.

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தை ஓர் அன்பளிப்புக் கொடுத்து, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்த சம்பவம் நமக்குத் தெரியும். உம் பிள்ளைகள் எல்லோருக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி அறிவுறுத்தினார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பொருளுக்கே இப்படி என்றால், அன்புக்கும் கவனிப்புக்கும் எப்படி? முத்தமிடுவதில்கூட பிள்ளைகளிடையே சமம் பார்ப்பதை முன்னோர்கள் விரும்பினார்கள் என்று தாபியீன்களில் ஒருவரான இப்ராஹீம் நகயீ (ரஹ்) அவர்கள் கூறியிருக்கிறார்கள்.

நீதம் என்றால் இருவருக்கும் ஒரே அளவு நேரம் என்று பொருள் அல்ல. சின்னவளுக்குக் கூடுதல் நேரம் தேவைதான். ஆனால் மூத்தவளின் பொருளும், அவளுடைய கோபமும், அவளுடைய பேச்சும் அந்த வீட்டில் மதிக்கப்பட வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. எட்டாத இடம்: சின்னவளுக்கு எட்டாத உயரத்தில் அலமாரியின் ஒரு தட்டை மூத்தவளுக்கென்று ஒதுக்குங்கள். அங்கிருப்பதை அவள் விரும்பினால் மட்டும் தங்கைக்குக் கொடுக்கட்டும். தனக்கென்று ஒன்று இருக்கும் பிள்ளைதான் மனமாரக் கொடுக்கும்.

2. முதலில் நிறுத்துங்கள், பிறகு பேசுங்கள்: சின்னவளின் கையை மெதுவாகப் பிடித்து, "கிழிக்கக் கூடாது, இது ராத்தாவோடது" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். அழுதாலும் பேனா ராத்தாவிடமே இருக்கட்டும். சின்னவளுக்கு ஒரு பழைய காகிதமும் கிரேயானும் கொடுங்கள். பிறகு மூத்தவளிடம், "உனக்குக் கோவம் வந்தது நியாயம்தான். ஆனா தள்ளக் கூடாது, என்னைக் கூப்பிடு. வா, தாளை ஒட்டலாம்" என்று சொல்லுங்கள். அவள் கூப்பிட்டால் நாம் போக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

3. பசியும் தூக்கமும்: ஒன்று முதல் இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. மாலைப் பிடிவாதத்துக்குப் பின்னால் பல நாள் பசியோ தூக்கமோ இருக்கும். அஸருக்குப் பின் அவளை ஓடி விளையாட விடுங்கள், நேரத்தோடு சாப்பாடு கொடுங்கள். அழுகையை நிறுத்த செல்போனைக் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

4. மூத்தவளுக்குப் பத்து நிமிடம்: சின்னவள் தூங்கிய பிறகு தினமும் பத்து நிமிடம் மூத்தவளோடு மட்டும் இருங்கள். வாப்பா வெளிநாட்டில் இருந்தால், வீடியோ அழைப்பில் சின்னவள் போனைப் பிடுங்கிக்கொள்வாள். மூத்தவளின் பேச்சு "நல்லா இருக்கேன் வாப்பா" என்பதோடு முடிந்துவிடும். வாரம் ஒரு முறையாவது வாப்பா அவளைத் தனியாகக் கேட்டுப் பேசட்டும்.

5. அவள் இன்னொரு உம்மா அல்ல: உம்மா தொழும்போது, "தங்கச்சியப் பாத்துக்க" என்று சொல்லத்தான் செய்கிறோம். சிறிய உதவி நல்லது. அதற்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் அடுப்பு, தண்ணீர் வாளி, மொட்டைமாடி இருக்கும் இடத்தில் இரண்டு வயதுப் பிள்ளையை ஏழு வயதுப் பிள்ளையின் பொறுப்பில் விடாதீர்கள். வாளித் தண்ணீரிலும் குழந்தை மூழ்கிவிடும். அப்படி ஒன்று நடந்துவிட்டால் அந்தக் குற்ற உணர்வை மூத்தவள் ஆயுள் முழுக்கச் சுமப்பாள், அல்லாஹ் காப்பானாக. நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுதிருக்கிறார்கள். ஸஜ்தாவுக்குப் போகும்போது கீழே இறக்கிவிட்டு, எழும்போது தூக்கிக்கொள்வார்கள். தொழும்போது சின்னவள் பக்கத்தில் வந்து ஏறினால் பதற வேண்டியதில்லை.

இரண்டு வயது நிறைந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால், அதைப் பிடிவாதம் என்று விட்டுவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது பேரீச்சம்பழம்

ஓர் ஏழைத் தாய் இரண்டு பெண்பிள்ளைகளோடு ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்தார். மூன்று பேரீச்சம்பழங்கள் கிடைத்தன. பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று கொடுத்துவிட்டு, மூன்றாவதைத் தம் வாய்க்குக் கொண்டுபோனார். அதையும் இருவரும் கேட்டார்கள். அவர் அதை இரண்டாகப் பிளந்து இருவருக்கும் பங்கிட்டார். அந்தச் செயலுக்காக அல்லாஹ் அவருக்குச் சொர்க்கத்தை உறுதியாக்கினான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை முஸ்லிம் நூலில் காண்கிறோம்.

பசியோடு இருந்த நேரத்திலும் அந்தத் தாய், "நீ பெரியவள், உன் பாதியையும் அவளுக்கே கொடு" என்று ஒருத்தியிடம் சொல்லவில்லை. நம்மிடம் மாலையில் மிஞ்சுவது கொஞ்சம் நேரமும் கொஞ்சம் பொறுமையும்தான். அதையும் இரண்டாகப் பிளந்து கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

வீட்டில் சேர்ந்து பேச:

• இந்த வாரம் "நீ பெரியவள்தானே" என்று எத்தனை முறை சொன்னோம்?

• மூத்தவள் கடைசியாக நம்மிடம் தானாக வந்து சொன்ன விஷயம் எது?

• சின்னவள் இன்று செய்த ஒரு நல்ல காரியத்தை மூத்தவள் கேட்கும்படியும், மூத்தவள் செய்ததைச் சின்னவள் கேட்கும்படியும் பாராட்டினோமா?